இரண்டு மாத்திரை, அரை கிராம்: பார்ட்டி போதையை உடம்பும் சட்டமும் எடை போடும் விதம்

2025 ஜூனில் கொக்கைன் வழக்கில் தமிழ்த் திரை நடிகர்கள் சென்னையில் கைதானார்கள். ஜூலையிலேயே உயர் நீதிமன்றம் அவர்களுக்கு ஜாமீன் கொடுத்தது. அதே சட்டத்தில் பிடிபட்ட எத்தனையோ இளைஞர்கள் வழக்கு விசாரணைக்கே வராமல் மாதக்கணக்கில் சிறையில் இருக்கிறார்கள். பணமும் செல்வாக்கும்தான் காரணம் என்று பலரும் சொல்லிக்கொள்கிறார்கள். நல்ல வக்கீல் கிடைப்பதில் பணத்துக்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அது எடை.

போதைப்பொருள் வழக்கில் ஒருவர் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கிராம் கணக்கு தீர்மானிக்கிறது. உடம்புக்கும் கணக்குதான் முக்கியம். உள்ளே போனது எது, எத்தனை மில்லிகிராம் என்று அது பார்க்கும். இந்த இரண்டு கணக்குமே மாத்திரையை வாயில் போடுகிறவருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த இரண்டைப் பற்றியது.

முதலில் பெயர்கள்

செய்தியில் 'போதைப்பொருள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். உள்ளே மூன்று தனித்தனி வகைகள் இருக்கின்றன.

1. விரட்டும் வகை. கொக்கைன், மெத்தம்பெட்டமின், மெபட்ரோன் ஆகியவை. மெத்தம்பெட்டமினைத் தமிழ்நாட்டில் 'மெத்' என்றும் இலங்கையில் 'ஐஸ்' என்றும் சொல்கிறார்கள். இதயத்தையும் மூளையையும் வேகப்படுத்துபவை இவை. எக்ஸ்டசி எனப்படும் எம்.டி.எம்.ஏ.வும் பாதி இந்த வகைதான்.

2. தோற்றங்களைக் காட்டும் வகை. எல்.எஸ்.டி. இதில் முக்கியமானது. தாளில் ஊற வைத்துச் சின்னச் சின்னக் கட்டமாக விற்பதால் 'ஸ்டாம்ப்' என்ற பெயர் வந்தது.

3. மந்தப்படுத்தும் வகை. கெட்டமின், ஜி.எச்.பி. போன்றவை. கெட்டமின் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தாகப் பயன்படுவது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். மும்பைச் செய்திகளில் 'எம்.டி.' என்று வருவது பெரும்பாலும் மெபட்ரோன். நம் பக்கத்தில் எம்.டி.எம்.ஏ.வைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு ரசாயனம், உடம்பில் வேறு விதமாக வேலை செய்பவை. சட்டத்திலும் வேறு வேறு எடை வரம்பு.

மாத்திரைக்குள் இருப்பது என்ன

மருந்துக்கடையில் வாங்கும் பாராசிட்டமால் அட்டையில் 500 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால் உள்ளே 500 இருக்கும். பார்ட்டியில் கைமாறும் மாத்திரைக்கு அப்படி ஓர் உத்தரவாதம் இல்லை. ஒரே நிறம், ஒரே முத்திரை கொண்ட இரண்டு மாத்திரைகளில் ஒன்றில் 60 மில்லிகிராம் எம்.டி.எம்.ஏ. இருக்கலாம், இன்னொன்றில் 200-ஐத் தாண்டியிருக்கலாம். எம்.டி.எம்.ஏ.வே இல்லாமலும் இருக்கலாம்.

அப்படி ஆளை ஏமாற்றும் பொருள்களில் மோசமானது பி.எம்.ஏ. இது மெதுவாக ஏறும். போட்டவர் முக்கால் மணி நேரம் காத்திருந்து, 'ஒன்றும் ஆகவில்லையே, டம்மி போல' என்று இன்னொன்றையும் போடுவார். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும்போது உடல் வெப்பத்தை இறக்கவே முடியாமல் போகும். இதேபோல எல்.எஸ்.டி. என்று சொல்லி விற்கும் ஸ்டாம்ப்பில் என்-பாம் என்ற பொருள் இருந்து, வலிப்பு வந்து இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. விற்பவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, வாங்குகிறவர் 'எனக்குத் தெரிந்த பையன்தான் கொடுத்தான்' என்று நம்புவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

சூடு, அப்புறம் தண்ணீர்

எம்.டி.எம்.ஏ.வால் மரணம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பலரும் நினைப்பதுபோல எப்போதும் 'ஓவர்டோஸ்' ஆகித்தான் சாக வேண்டும் என்றில்லை.

நரம்பு செல்கள் செரட்டோனின் என்ற ரசாயனத்தைச் சேர்த்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்யும். எம்.டி.எம்.ஏ. அந்தச் சேமிப்பை ஒரேயடியாகக் கொட்ட வைக்கிறது. எல்லோர் மீதும் பாசம் பொங்குவதும், பாட்டு உடம்புக்குள் இறங்குவதுபோலத் தோன்றுவதும் இதனால்தான். உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் ஏற்பாடும் இதே செரட்டோனினைத்தான் நம்பியிருக்கிறது. அதுவும் சேர்ந்தே நிலைகுலைகிறது.

மே மாத இரவு, சென்னைக்கு வெளியே கதவடைத்த ஒரு ஹால், இருநூறு பேர் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. களைப்பு தெரியாததால் ஆடுகிறவர் உட்காருவதில்லை. தாடை இறுகி, பல் நறநறக்கிறது. உடல் வெப்பம் 98.6-லிருந்து 104-ஐத் தொடுகிறது. இதற்கு மேல் போய் 107-ஐ நெருங்கும்போது தசைகள் சிதையத் தொடங்கும். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும். ரத்தக்குழாய்களுக்குள்ளேயே ரத்தம் உறையும். கல்லீரல் செயலிழக்கும். இருபது வயது உடம்பையும் சில மணி நேரத்தில் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோகும் பாதை இது. இந்தச் சூடு கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை என்பதால் பாராசிட்டமால் இதற்கு உதவாது.

சரி, நிறையத் தண்ணீர் குடித்தால் போதாதா? இங்கே இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. சிறுநீரைத் தடுத்து நீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோனை எம்.டி.எம்.ஏ. கூட்டிவிடும். குடித்த தண்ணீர் வெளியேறாமல் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும். 1995-இல் இங்கிலாந்தில் தன் 18-ஆவது பிறந்தநாள் விருந்தில் ஒரேயொரு மாத்திரை போட்ட பெண், ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய 7 லிட்டர் தண்ணீர் குடித்து, மூளை வீங்கி இறந்தார். பயத்தில் செய்த காரியம்தான் அது. குடிக்காமல் இருந்தாலும் ஆபத்து, குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து.

'ஒன்று தாங்கினேன், இரண்டு தாங்காதா' என்ற கணக்கும் தப்பு. எம்.டி.எம்.ஏ.வை உடைக்கும் கல்லீரல் நொதியை எம்.டி.எம்.ஏ.வே முடக்கிவிடுகிறது. அதனால் இரண்டாவது மாத்திரை முதலாவதைப் போல அதே அளவு கூட்டாது; ரத்தத்தில் அளவு அதைவிட எகிறும்.

சனிக்கிழமை கொட்டித் தீர்த்த செரட்டோனின் திங்கள், செவ்வாயில் இருக்காது. காரணம் புரியாத அழுகையும் வெறுமையும் வருவது அப்போதுதான். ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்கள் தற்கொலை எண்ணம் வரைக்கும் போகும் நாள்கள் இவை.

சேர்ந்தால் வரும் வினை

பார்ட்டியில் யாரும் ஒரே பொருளோடு நிறுத்துவதில்லை. சேர்க்கைகள்தான் அதிகம் கொல்கின்றன.

1. கொக்கைனும் மதுவும். இரண்டும் கல்லீரலில் சேர்ந்து கோகாஎத்திலீன் என்ற மூன்றாவது பொருளாக மாறும். அது கொக்கைனைவிட நீண்ட நேரம் உடம்பில் தங்கி இதயத்தைத் தாக்கும். கொக்கைன் மட்டும் எடுத்தாலே, எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 24 மடங்கு உயர்கிறது என்று 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. முப்பது வயதுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் கூட இருப்பவர்கள் 'கேஸ் டிரபிள்' என்று சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். போன நேரம் திரும்ப வராது.

2. எம்.டி.எம்.ஏ.வும் மனநல மருந்துகளும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், டிரமடால் வலி மாத்திரை, சில இருமல் சிரப்புகள்கூட செரட்டோனினைக் கூட்டுபவை. இவற்றோடு எம்.டி.எம்.ஏ. சேர்ந்தால் செரட்டோனின் நச்சுநிலை வரலாம்: கை கால் உதறல், விறைப்பு, உளறல், கடும் சூடு.

3. ஜி.எச்.பி.யும் மதுவும். நிறமில்லாத, லேசாக உப்புக் கரிக்கும் திரவம். போதை தரும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மது சேர்ந்தால் அந்த இடைவெளியும் போய்விடும். பெண்களின் கோப்பையில் தெரியாமல் கலந்து பாலியல் வன்கொடுமை செய்ய இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால், தன் கோப்பையை மேசையில் விட்டுப் போய்த் திரும்பியவர் அதை மறுபடி தொடாமல் இருப்பது நல்லது.

'மெத்' பற்றித் தனியாக ஒரு வரி: இரண்டு மூன்று நாள் தூக்கமில்லாமல் விழிக்க வைத்து, 'என்னை யாரோ பின்தொடர்கிறார்கள்' என்ற சந்தேக நோயில் கொண்டுவிடும். சிலருக்கு, மெத் எடுப்பதை நிறுத்திய பிறகும் அந்த மனநோய் விலகுவதில்லை. கெட்டமினைத் தொடர்ந்து எடுப்பவர்களின் சிறுநீர்ப்பை சுருங்கி, அரை மணிக்கு ஒரு தடவை ரத்தத்தோடு சிறுநீர் போகும் நிலை வருகிறது.

சட்டம் எதை எடை போடுகிறது

1985-இல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தைத்தான் என்.டி.பி.எஸ். என்கிறோம். தொடக்கத்தில் அளவு பேதமின்றி, பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்றிருந்தது. 2001 திருத்தம் அதை மூன்று படியாகப் பிரித்தது. எம்.டி.எம்.ஏ. போன்ற மனமயக்கப் பொருள்களுக்கான 22-ஆவது பிரிவு இப்போது இப்படி இருக்கிறது:

1. சிறு அளவு: 1 ஆண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2. இடைப்பட்ட அளவு: 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

3. வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. அபராதம் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம்.

எது சிறு அளவு, எது வணிக அளவு என்பதைப் பொருளுக்குப் பொருள் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. கஞ்சாவுக்குச் சிறு அளவின் வரம்பு 1 கிலோ, வணிக அளவு 20 கிலோவுக்கு மேல். கொக்கைனுக்கு 2 கிராம், 100 கிராம். மெத்தம்பெட்டமினுக்கும் மெபட்ரோனுக்கும் 2 கிராம், 50 கிராம். எம்.டி.எம்.ஏ.வுக்கு வெறும் அரை கிராம், 10 கிராம். எல்.எஸ்.டி.க்கு 2 மில்லிகிராம், 100 மில்லிகிராம். கஞ்சா வழக்குகளைப் பார்த்துப் பழகிய கண்ணோடு 'கொஞ்சம்தானே வைத்திருந்தான்' என்று எம்.டி.எம்.ஏ. வழக்கைப் பார்ப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. மாத்திரையில் கலந்திருக்கும் மாவையும் நிறத்தையும் கழித்துவிட்டு எடை போடுவார்களா? 2008-இல் உச்ச நீதிமன்றம் 'ஆம், தூய பொருளின் எடைதான் கணக்கு' என்றது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கலவையாகப் பிடிபட்டால் கலவையின் மொத்த எடைதான் கணக்கு.

இதை மாத்திரையில் வைத்துப் பார்ப்போம். ஒரு மாத்திரை 300 மில்லிகிராம் என்று கொள்வோம். சட்டைப் பையில் ஒன்று இருந்தால் 0.3 கிராம், சிறு அளவு. இரண்டு இருந்தால் 0.6 கிராம், அரை கிராம் வரம்பு தாண்டிவிட்டது, 10 ஆண்டு வரை தண்டனை தரும் படிக்கு ஏறியாயிற்று. பத்து நண்பர்களுக்காக ஒருவர் மட்டும் போய் 34 மாத்திரை வாங்கி வருகிறார். 10.2 கிராம். அது வணிக அளவு. பைக்கில் வரும் வழியில் அவர் பிடிபட்டால், நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானித்தபின் 10 ஆண்டுக்குக் கீழே தண்டனை தர நீதிபதிக்கே அதிகாரம் இல்லை.

'நான் விற்கவில்லை, நண்பர்களுக்காக வாங்கினேன்' என்பது இங்கே காப்பாற்றாது. வாங்குவது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது, விற்பது எல்லாமே 22-ஆவது பிரிவில் ஒரே வரிசையில் நிற்கின்றன. இது நியாயமா என்று கேட்டால், லாபம் பார்க்கும் கும்பலையும் கூட்டாகப் பணம் போட்ட மாணவர்களையும் எடை ஒன்றை மட்டும் வைத்து ஒரே தட்டில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் சட்டம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது.

ஸ்டாம்ப் விஷயத்தில் சிக்கல் கூடுதல். எல்.எஸ்.டி. மைக்ரோகிராமில் வேலை செய்யும் பொருள். அதை ஏந்தியிருக்கும் தாள் அதைவிடப் பல மடங்கு எடை. தாளையும் சேர்த்து நிறுத்தால் பத்துப் பன்னிரண்டு கட்டங்களே வணிக அளவைத் தொட்டுவிடலாம். தாளைச் சேர்க்க வேண்டுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

கையில் எதுவும் இல்லாதவர் ஏன் கைதாகிறார்

2021 அக்டோபரில் மும்பைக் கப்பல் விருந்துச் சோதனையில் ஒரு முன்னணி ஹிந்தி நடிகரின் மகன் கைதானார். அவரிடம் எந்தப் பொருளும் கிடைக்கவில்லை. ஆனாலும் மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். வாட்ஸ்அப் உரையாடல்களை வைத்து, கூட்டுச்சதிக்கான 29-ஆவது பிரிவைச் சேர்த்திருந்தார்கள். சதிக்கு ஆதாரம் தெரியவில்லை என்று மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2022 மே மாதம் தாக்கலான குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. போன நாள்கள் போனவைதான்.

பொருள் கையில் இல்லாவிட்டாலும் வழக்கு வரக்கூடிய வழிகள் வேறும் உண்டு:

1. உட்கொண்டது. 27-ஆவது பிரிவு. கொக்கைன் போன்றவற்றுக்கு 1 ஆண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மற்றவற்றுக்கு 6 மாதம், 10,000 ரூபாய். ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை இதற்குச் சான்றாகும்.

2. இடம் கொடுத்தது. தெரிந்தே வீட்டையோ பண்ணை வீட்டையோ வாகனத்தையோ விட்டவர்மீது 25-ஆவது பிரிவு பாயும்.

3. உடன் வைத்திருந்தது. கூடப் போன காரில் பொருள் பிடிபட்டால், 'எனக்குத் தெரியாது' என்பதை நிரூபிக்கும் சுமை பெருமளவு குற்றம்சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. 35, 54 பிரிவுகள் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன. வழக்கமான குற்ற வழக்குக்கு இது நேர் தலைகீழ்.

கைதானவருக்குச் சட்டம் சில கவசங்களும் தந்திருக்கிறது. உடலைச் சோதிக்கும் முன், 'கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று சொல்ல வேண்டும். இது 50-ஆவது பிரிவு. விசாரணை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கு நம் மாநிலத்திலிருந்து போனதுதான்.

ஜாமீன் ஏன் சிலருக்கு மட்டும்

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை 37-ஆவது பிரிவில் இருக்கிறது. வணிக அளவு வழக்கில் ஜாமீன் கொடுக்க நீதிபதி இரண்டு விஷயங்களில் திருப்தி அடைய வேண்டும்: இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், வெளியே போய்க் குற்றம் செய்ய மாட்டார் என்றும் தோன்ற வேண்டும். விசாரணையே தொடங்காத நிலையில் முதல் நிபந்தனையைத் தாண்டுவது மலையேறுவது போல. இப்படிப்பட்ட வழக்கில் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் அவகாசம், அரசு வழக்கறிஞர் கேட்டால் ஓராண்டு வரைகூட நீளும். சிறு அளவு, உட்கொண்டது, இடைப்பட்ட அளவு வழக்குகளுக்கு இந்த இரட்டை நிபந்தனை கிடையாது. அதனால்தான் ஒருவர் இரண்டு வாரத்தில் வருகிறார், இன்னொருவர் வருடக் கணக்கில் உள்ளே இருக்கிறார். விசாரணை அநியாயமாக இழுத்தால் 37-ஐ மீறியும் ஜாமீன் தரலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியது ஒரு சிறு திறப்பு.

வெளியே வந்தாலும் வழக்கு நிலுவையில் இருக்கும்வரை பாஸ்போர்ட் எடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றவருக்கு அமெரிக்க விசா மறுக்கப்படக் காரணம் சட்டத்திலேயே உண்டு.

கடல் தாண்டினால்

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டுவிட்டு ஊர் திரும்பினாலும் அங்கே குற்றம்தான்; 10 ஆண்டு வரை சிறை உண்டு. கடத்தலில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 250 கிராமுக்கு மேல் மெத் என்றால் தூக்கு. 2022 ஏப்ரலில் 42.72 கிராம் ஹெராயினுக்காக ஒரு மலேசியத் தமிழர் அங்கே தூக்கிலிடப்பட்டார். இலங்கையில் 2022 திருத்தத்துக்குப் பிறகு 5 கிராம் ஐஸுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் வரை போகலாம். 2022-இல் தாய்லாந்து கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்ததைப் பார்த்து, பாங்காக்கிலிருந்து ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் நீரில் வளர்க்கும்) கஞ்சாவைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சென்னை விமான நிலையத்தில் இறங்கி மாட்டியவர்கள் பலர். அங்கே கடையில் வாங்கினோம் என்பது இங்கே ஒரு பதிலாகாது.

ஒருவர் விழுந்துவிட்டால்

உடம்பின் கணக்கும் சட்டத்தின் கணக்கும் முட்டிக்கொள்வது இந்த நேரத்தில்தான். போலீஸ் வருமே என்று பயந்து, நண்பனை அறையில் படுக்க வைத்து, 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று கதவைச் சாத்துகிறார்கள். ஆஸ்பத்திரியில் போலீஸுக்குத் தகவல் போகும் என்பது உண்மை. ஆனால் உயிரோடிருப்பவருக்கு வக்கீல் வைக்கலாம்.

1. குழப்பம், வலிப்பு, கொதிக்கும் உடம்பு, நெஞ்சுவலி, எழுப்பினால் எழாத நிலை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108.

2. உடம்பு கொதித்தால் ஆடையைத் தளர்த்தி, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் ஐஸ் கட்டி வையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றக் கூடாது.

3. மூச்சு இருக்கிறது, நினைவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயை அடைக்கும்.

4. என்ன எடுத்தார், எத்தனை, எப்போது, கூடவே குடித்தாரா, தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ஊகித்துச் சொன்னால் சிகிச்சை தவறிப்போகும்.

பழக்கத்திலிருந்து வெளியேற விரும்புகிறவருக்குச் சட்டத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது. அடிமையான ஒருவர் தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்கும் சிறு அளவு வழக்குக்கும் 64A பிரிவு விலக்கு தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். குற்றம் நிரூபணமான பிறகும், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப 39-ஆவது பிரிவு நீதிபதிக்கு இடம் தருகிறது. மையம் எங்கே இருக்கிறது என்று கேட்க தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை.